டெல்டாவுக்கென்று ஓர் ஐஸ்கிரீம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு சென்றுவரத்தக்க ஊர்களைப் பற்றித் தங்கள் இதழ் தொடர்ந்து எழுதிவருகிறது. கோயில், கோட்டை, கடற்கரை, தங்கும் விடுதி எல்லாம் அவற்றில் இடம்பெறுகின்றன. அந்தந்த ஊருக்கே உரிய ஐஸ்கிரீமைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. வெயிலில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்பவர்களுக்கு இது சிறிய செய்தி அன்று.

கொல்லூர் மூகாம்பிகையைத் தரிசித்துவிட்டு மங்களூர் வழியாகத் திரும்பியபோது அங்கே 'கட்பட்' சாப்பிட்டோம். உயரமான கண்ணாடிக் குவளையில் இரண்டு மூன்று வகை ஐஸ்கிரீமையும் நறுக்கிய பழங்களையும் ஜெல்லியையும் முந்திரியையும் அடுக்கடுக்காக இட்டு, நீண்ட கரண்டியோடு தருகிறார்கள். வெளியூரில் தண்ணீர்கூட யோசித்தே குடிக்கும் என் மாமியார் ஒரு குவளையைத் தனியாகவே முடித்தார். மங்களூர் என்றால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றும் அதுதான் நினைவுக்கு வருகிறது. 1984இல் மும்பை ஜூஹுவில் நேச்சுரல்ஸ் கடையைத் தொடங்கி, இளநீரையும் சீத்தாப்பழத்தையும் ஐஸ்கிரீமாக்கிப் பெயர் பெற்ற ரகுநந்தன் காமத்தும் மங்களூரை அடுத்த முல்கியிலிருந்து சென்ற பழ வியாபாரியின் மகனே. பழத்தின் பக்குவம் அறிந்த குடும்பத்திலிருந்து அந்தச் சுவை பிறந்ததில் வியப்பில்லை.

நம் பகுதியைப் பார்ப்போம். சூரியனார்கோயிலிலிருந்து கீழப்பெரும்பள்ளம் வரை நவக்கிரகத் தலங்களைச் சுற்றிவரும் வேன்கள் ஆண்டு முழுதும் வருகின்றன. எந்தக் கோயில் வாசலில் இறங்கினாலும் ஒரே மாதிரியான குளிர்பெட்டியும் அதற்குள் சென்னையிலும் சேலத்திலும் கிடைக்கும் அதே வண்ண உறைகளுமே கண்ணில் படுகின்றன. அவற்றில் பலவற்றின் மீது 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. வெறுமனே 'ஐஸ்கிரீம்' என்று பெயரிட்டு விற்க வேண்டுமானால் அதில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஃப்ரோசன் டெசர்ட்டில் அந்தக் கொழுப்பின் இடத்தை முழுவதுமாகவோ பகுதியாகவோ தாவர எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. அதை விற்பது குற்றமில்லை. ஆனால் கறவை மாடு இல்லாத தெருவே இல்லாத ஊர்களுக்கு வந்து, பாலுக்குப் பதிலாக எண்ணெயைத் தின்றுவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம்மிடம் கைத்திறன் இல்லாமல் இல்லை. இரவில் மணியடித்தபடி தள்ளுவண்டியில் வரும் குல்ஃபிக்காரரை இங்கே அறியாதவர் இல்லை. பாலைப் பாதிக்கும் கீழே சுண்டக் காய்ச்சி, அச்சுகளில் ஊற்றி மூடி, ஐஸும் கல்லுப்பும் கலந்த பானைக்குள் புதைத்து வைக்கிறார். உப்பு சேர்ந்ததும் ஐஸ் உருகத் தொடங்கி, பூஜ்ஜியம் டிகிரிக்கும் வெகு கீழே குளிர்ச்சி இறங்குகிறது. மின்சாரம் இல்லாமலே பால் உறைந்துவிடுகிறது. கடைந்து காற்றேற்றாததால் அது கெட்டியாக நின்று மெதுவாகக் கரைகிறது. திருச்சி மெயின்கார்டு கேட் அருகே உள்ள மைக்கேல் ஐஸ்கிரீம் கடையில் பெரியவர்களும் மாணவர்களும் குழந்தைகளும் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்தவர்கள், உள்ளூர்க் கடை ஒன்றின் மீது மக்களுக்கு எவ்வளவு பற்று இருக்க முடியும் என்பதை அறிவார்கள்.

மூலப்பொருளுக்கும் குறைவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தேங்காயும் இளநீர் வழுக்கையும், வேதாரண்யத்து மாம்பழமும், திருச்சி மாவட்டத்துப் பூவன் பழமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலையும் இருக்கிறது. அதன் காரம் பாலை மீறிவிடும் என்பதால் அளவோடு சேர்க்க வேண்டும். நுங்கில் தண்ணீர் மிகுதி. பாலோடு சேர்த்து உறையவைத்தால் பல்லில் கடிபடும் பனிக்கட்டியாகிவிடும். எனவே பரிமாறும்போது மேலே இடுவதே சரி. எல்லாவற்றிலும் நான் பெரிதாக எதிர்பார்ப்பது டிகிரி காபி குல்ஃபியைத்தான். முதல் டிகாக்‌ஷனின் கசப்பும் சுண்டிய பாலின் இனிப்பும் சேரும்போது கும்பகோணத்தின் பெயரைச் சொல்ல வேறொரு பண்டமே வேண்டியதில்லை.

இதை முன்னெடுக்க ஆவினே பொருத்தமான நிறுவனம் என்று கருதுகிறேன். பால் கொள்முதலும் ஐஸ்கிரீம் தயாரிப்பும் பாலகங்களும் அதனிடம் ஏற்கெனவே உள்ளன. ஒவ்வொரு மாவட்டத்திலும் அந்த மண்ணின் விளைபொருளால் ஆன ஒரு வகையை, அந்த மாவட்டத்துப் பாலகங்களில் மட்டும் கிடைக்கும்படி செய்தால், பயணிகள் அதைத் தேடி வருவார்கள். கோயில்களின் வாகன நிறுத்துமிடங்களில் குல்ஃபி வண்டிகளுக்கு நிழலும் நல்ல தண்ணீரும் உள்ள இடத்தை உள்ளாட்சிகள் ஒதுக்கலாம். 2025 செப்டம்பரில் ஐஸ்கிரீம் மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால், புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கும் இது ஏற்ற காலம்.

தங்கள் அடுத்த கோடைச் சுற்றுலாப் பகுதியில் திருச்சி முதல் நாகப்பட்டினம் வரையுள்ள உள்ளூர் ஐஸ்கிரீம், குல்ஃபிக் கடைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கடை இருக்கும் தெரு, திறந்திருக்கும் நேரம், விலை ஆகியவற்றோடு, பாலில் செய்ததா எண்ணெயில் செய்ததா என்பதையும் விசாரித்து வெளியிட்டால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மயிலாடுதுறை