பட்டறைத் தூசியும் பைப்பின் அகலமும்

அன்புள்ள ராமு,

உன் கடிதமும் பட்டறைப் படங்களும் கிடைத்தன. வீட்டில் எல்லாரும் நலம் என்று படித்ததில் சந்தோஷம். தூசி இழுக்கும் செட்டுக்கு மூன்று எச்பி மோட்டார் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வாங்காதே. இருக்கிற இரண்டு எச்பி புளோயரே உன் பட்டறைக்குப் போதும். காற்று எங்கே மாட்டிக்கொள்கிறது என்பது உன் படத்திலேயே தெரிகிறது.

முதலில் ஒரு சின்னச் சோதனை. உன்னுடையது த்ரீ ஃபேஸ் மோட்டார் என்றால் சுற்றும் திசையைப் பார். விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வாய் வழியாகத்தான் வெளியேறும், ஆனால் பலம் இருக்காது. வயர் மாற்றிக் கொடுத்த பல இடங்களில் இதை யாரும் கவனிப்பதில்லை.

'இழுவை' என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறோம். ஒன்று அழுத்தம், இன்னொன்று ஓடும் காற்றின் அளவு. வாக்யூம் கிளீனருக்கு அழுத்தம் அதிகம், அதனால் ஒல்லி ஹோஸிலும் சமாளிக்கும். மரத்தூள் புளோயரால் தண்ணீரை 200, 250 மில்லிமீட்டர் உயரத்துக்கு இழுத்து நிறுத்தும் அளவுக்குத்தான் அழுத்தம் தர முடியும். வழி அகலமாக இருந்தால் காற்றை அள்ளிக்கொண்டு வரும், ஒடுங்கினால் ஓய்ந்துவிடும்.

மரச்சீவல் பைப்பில் தங்காமல் பறக்க, காற்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 4000 அடி வேகத்தில் ஓட வேண்டும். 4 அங்குலப் பைப்பில் அது 350 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 350 கன அடி காற்று; 6 அங்குலத்தில் 785. அதே அளவு காற்றை 4 அங்குலத்துக்குப் பதில் 6 அங்குலத்தில் விட்டால் உரசல் இழப்பு ஏழில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். அதனால் மெயின் லைனை 160 மில்லிமீட்டர் பிவிசிக்கு மாற்று, இழைப்பு மிஷினின் வாய் வரை அதே அகலத்தில் கொண்டுபோ. ஒன்றை மட்டும் மறக்காதே. பெரிய மெயினில் 4 அங்குலக் கிளை ஒன்றை மட்டும் திறந்து 350 சிஎஃப்எம் ஓடினால், மெயினில் வேகம் 1800 அடிக்கு இறங்கிவிடும். தூள் பைப்பின் அடியில் படுத்துவிடும். சின்ன மிஷின் ஓடும்போது இன்னொரு கிளையின் கேட்டையும், அதாவது காற்றை அடைக்கும் தகட்டையும், திறந்து வை.

ரம்ப மேஜையின் இரண்டரை அங்குல வாய்தான் உன் பெரிய தலைவலி. அதன் பரப்பு 4 அங்குல ஹோஸின் ஐந்தில் இரண்டு பங்குதான். வாயை வெட்டி 4 அங்குலமாக்காமல் பின்னால் என்ன பைப் போட்டும் பயனில்லை. நெளி ஹோஸ் வழவழப்பான பைப்பைவிட இரண்டு மூன்று மடங்கு உரசும். ஒரு மீட்டருக்கு மேல் போடாதே, தொய்யவும் விடாதே. 90 டிகிரி எல்போ வரும் இடத்தில் இரண்டு 45 டிகிரி பெண்ட் போட்டு, நடுவில் ஒரு சாண் நேர்ப் பைப் விடு. கிளை பிரியும் இடத்தில் நேர்க்கோணத்தில் பிரியும் டீ இணைப்பு வேண்டாம், சாய்வாகப் பிரியும் ஒய் இணைப்பு போடு. ரப்பர் ரிங் உள்ள பைப்பாக வாங்கினால் பசை தேவையில்லை. அடைத்தால் கழற்றிப் பார்க்கலாம்.

தூள் விழுந்து சேரும் நீலப் பீப்பாயின் மூடியில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி வளையமாக ஒட்டு. அங்கே மயிரிழை ஓட்டை இருந்தாலும் உள்ளே நுழையும் காற்று, விழுந்த தூளைக் கிளப்பி ஃபில்டருக்கே அனுப்பிவிடும். எல்லா கேட்டையும் மூடி ஓட்டவும் கூடாது, பீப்பாய் உள்வாங்கிவிடும். ஓட்டை தேட ஊதுபத்தி கொளுத்தாதே, மரத்தூளுக்குள் ஒரு பொறி போனால் போதும். மூட்டு மேல் முகப்பவுடரைக் கொஞ்சம் தூவினால் எங்கே இழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

இனி முக்கியமான வேலை. மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் ட்யூபில் இரண்டு மீட்டர் வாங்கு. பலகையில் யு வடிவில் ஆணியடித்து, பாதி அளவுக்குச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்று. புளோயருக்கு முன்னால், பெண்ட் இல்லாத நேர்ப் பைப்பில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, உள்பக்கப் பிசிறைத் தேய்த்துவிட்டு, ட்யூபின் ஒரு முனையைப் பைப்பின் உட்சுவரோடு மட்டமாக நிறுத்து. மறுமுனை திறந்திருக்கட்டும். இரு பக்கத் தண்ணீரின் உயர வித்தியாசம்தான் உன் அழுத்தம். ஃபில்டரைச் சுத்தம் செய்த நாளில் ஒரே ஒரு குறிப்பிட்ட கேட்டைத் திறந்து அந்த எண்ணைச் சுவரில் எழுதி வை. பிறகு அதே கேட்டில் எண் ஏறியிருந்தால் பைப்பில் அடைப்பு. இறங்கியிருந்தால் புளோயருக்குப் பின்னால் உள்ள ஃபில்டர் பை அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ ஓட்டை. வயரைக் கவ்விப் பிடித்து கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் இதே கதையைச் சொல்லும்: காற்று குறைந்தால் ஆம்பியர் குறையும். மோட்டார் லேசாக ஓடுகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம்.

பையைச் சுத்தம் செய்யும்போது வெளியிலிருந்து உள்பக்கமாகக் காற்று அடி, முகமூடி போட்டுக்கொண்டு. கண்ணுக்குத் தெரியாத மாவுத்தூசிதான் நுரையீரலுக்குள் இறங்குவது. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. நீ தேக்கை நாள் முழுக்க இழைக்கிறவன், தரை சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்துத் திருப்திப்படாதே.

ரம்ப மேஜையின் வாயை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ட்யூப் அளவு பார்த்து இரண்டு எண்ணையும் எழுதி அனுப்பு. பைப் நீளம், பெண்ட் எண்ணிக்கையும் சேர்த்து எழுதினால் மீதியைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்