மதர்போர்டை மாற்றுமுன் பேஸ்டைப் பாருங்கள்

இந்தியாவில் மடிக்கணினி விற்கும் நிறுவனங்களின் சேவைப் பிரிவுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். இந்தக் கத்திரி வெயிலில் உங்களில் ஒருவருடைய அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த ஒரு மதிப்பீட்டுத் தாள்தான் இந்த மடலை எழுத வைத்தது. மூன்று வயது மடிக்கணினி. வாரன்டி முடிந்து நான்கு மாதம். புகார்: 'பத்து நிமிடத்தில் மந்தமாகிறது, பிறகு அணைந்துவிடுகிறது.' கண்டறிந்தது: 'மதர்போர்டு பழுது, மாற்ற வேண்டும்.' கேட்ட தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம்.

அதே மடிக்கணினியை வெளியே ஒரு மேசையில் வைத்துத் திறந்தபோது, ப்ராசஸர் டையின் (கணக்குப்போடும் சிலிக்கான் சில்லின்) நடுப்பகுதி துடைத்து வைத்த கண்ணாடிபோல் வெறுமையாக மின்னியது. அங்கே இருக்கவேண்டிய பேஸ்ட் (டையின் சூட்டை அதன்மேல் அமரும் செம்புத் தகட்டுக்குக் கடத்தும் பசை), நான்கு ஓரங்களிலும் வரப்பு கட்டியதுபோல் ஒதுங்கிக் கிடந்தது. துடைத்துப் புதிதாக வைத்து மூடியதும் ஓடியது. செலவானது அரை கிராம் பேஸ்ட்கூட இல்லை.

பேஸ்ட் ஏன் இப்படி ஒதுங்குகிறது என்று உங்கள் வடிவமைப்புப் பொறியாளர்களுக்கு நாங்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை. கவுன்டரில் உட்கார்ந்து தாள் எழுதுகிறவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் ஏறக்குறைய 400 வாட்/மீட்டர்-கெல்வின். நல்ல பேஸ்ட் 4 முதல் 12 வரை. காற்று வெறும் 0.026. அதாவது, பேஸ்ட் ஒன்றும் பெரிய கடத்தி இல்லை. இரு பரப்புகளுக்கும் நடுவே காற்று புகாமல் அடைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. அது நகர்ந்தால் அந்த இடத்தில் காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மேசைக்கணினியில் ப்ராசஸருக்கு மேல் ஓர் உலோக மூடி உண்டு. வெப்பம் அதில் பரவிய பிறகே பேஸ்டுக்கு வருகிறது. ஆகவே அங்கே பேஸ்ட் வருடக்கணக்கில் தாங்கும். மடிக்கணினியில் மூடி கிடையாது. சிலிக்கான் டையின்மேல் நேரடியாகச் செம்புத் தகடு. ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் செம்பு, சிலிக்கானைவிட ஆறு மடங்குக்கு மேல் விரிகிறது. வேலை கொடுத்தால் 95, விட்டால் 50 என்று நாள் முழுக்க ஏறி இறங்கும்போது இரண்டு பரப்பும் ஒன்றின்மேல் ஒன்று உரசி, நடுவில் இருப்பதைச் சிறுகச் சிறுக வெளியே பிதுக்குகின்றன. நீர்த்த பேஸ்டாக இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். 'பேஸ்ட் காய்ந்துவிட்டது' என்று எல்லோரும் சொல்வது வழக்கம். பாதி நேரம் அது காய்ந்திருக்காது, இடம் பெயர்ந்திருக்கும்.

டப்பாவில் பெரிய எண் போட்டிருந்தால் நெடுநாள் உழைக்கும் என்றும் இல்லை. கடத்தும் திறன் 12.5 என்று அச்சிட்ட கிரையோநாட் என்ற பேஸ்ட் முதல் நாள் அசத்தும். 80 டிகிரிக்கு மேலேயே வைத்திருக்கும் மடிக்கணினியில் சில மாதங்களிலேயே சோர்ந்துபோகும். அந்தப் பேஸ்டைக் குறை சொல்லவில்லை, அதற்கு ஏற்ற இடம் வேறு. நாக்டுவா தன் என்டி-எச்1 பேஸ்டை ப்ராசஸரில் ஐந்து ஆண்டு வரை வைத்திருக்கலாம் என்கிறது. ஆர்க்டிக் தன் எம்எக்ஸ்-4 எட்டு ஆண்டு தாங்கும் என்கிறது. மடிக்கணினியின் வெறும் டையில் அவ்வளவு நாளை நாம் எதிர்பார்க்க முடியாதுதான். ஆனாலும் சில நூறு ரூபாய்க்கு நாலு கிராம் சிரிஞ்ச் விற்கிறவர் ஓர் ஆயுளை எழுதித் தருகிறார். எண்பதாயிரம் ரூபாய்க்கு மடிக்கணினி விற்கிற நீங்கள் உள்ளே என்ன பேஸ்ட், எத்தனை ஆண்டுக்கு என்று ஒரு வரி எழுதுவதில்லை.

எங்கள் முதல் கோரிக்கை அந்த ஒரு வரிதான். பேஸ்ட் தேய்மானப் பொருள் என்று எழுதித் தாருங்கள். வண்டிக்கு எஞ்சின் ஆயில் எப்படியோ, அப்படி.

எழுதாததால் வாடிக்கையாளர் படும் பாட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறோம். சூடாகிறது என்று புகார் தருபவரின் மடிக்கணினியை உங்கள் மையத்தில் 23 டிகிரி ஏசி அறையில் வைத்துப் பத்து நிமிடம் சோதனை மென்பொருளை ஓட்டுகிறார்கள். 87 டிகிரி காட்டுகிறது. 'குறை எதுவும் இல்லை' என்று முத்திரை குத்தித் தருகிறார்கள். அவர் வேலை செய்வதோ ஓட்டு வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, 38 டிகிரியில். அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். பதினைந்தைக் கூட்டிப் பாருங்கள், 102. பெரும்பாலான இன்டெல் மடிக்கணினி ப்ராசஸர்களுக்கு எல்லையே 100. அங்கே வேகம் தானாகக் குறைக்கப்படும். எழுத்து தட்டினால் திரையில் வரக் காத்திருக்க வேண்டும். மறுபடி பஸ் ஏறி உங்கள் மையம் இருக்கும் ஊருக்கு வருகிறார். மறுபடி ஏசி அறை, மறுபடி 87, மறுபடி அதே முத்திரை. இப்படியே அலைந்து வாரன்டி தீர்ந்த பிறகு மூன்றாம் முறை வந்தால்தான் 'மதர்போர்டு' என்ற சொல் வெளியே வருகிறது. தற்செயலாக இருக்கும் என்றே நம்ப விரும்புகிறோம்.

ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ப்ராசஸருக்கு முழுச்சுமை கொடுங்கள். ஓரிரு விநாடியில் 50-லிருந்து 95-க்குத் தாவி, ஆனால் விசிறி வழியே வரும் காற்று வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், வெப்பம் ஹீட்சிங்குக்கே (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பகுதிக்கே) போய்ச் சேரவில்லை: குறை பேஸ்டில். மெதுவாக ஏறி, வெளிவரும் காற்று கையைச் சுட்டால் பேஸ்ட் நன்றாக இருக்கிறது. தூசி அடைத்த தகடுகளையோ தளர்ந்த விசிறியையோ பாருங்கள். ப்ராசஸருக்குள் இருக்கும் ஒரே மாதிரியான கோர்களுக்கு (கணக்கிடும் பிரிவுகளுக்கு) இடையே 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால், டையின் ஒரு பகுதியில் பேஸ்ட் காய்ந்தோ விலகியோ இருக்கிறது, அல்லது திருகுகள் சமமாக இறுகவில்லை.

திறந்தால் செய்யவேண்டியதும் மர்மம் அல்ல. 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால், நார் உதிராத துணி. நக பாலிஷ் நீக்கி வேண்டாம். மேசைக்கணினிக்குச் சொல்லும் 'நடுவில் ஒரு அரிசி அளவு' இங்கே போதாது. டை முழுவதும், மூலை உட்பட, மெல்லிய படலமாக மூடவேண்டும். கெட்டியான பேஸ்டாக இருந்தால் நல்லது. ஹீட்சிங்கில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருப்பீர்கள்; அந்த வரிசையில் ஒவ்வொன்றையும் பாதி பாதியாக இறுக்கவேண்டும். பலர் கோட்டைவிடுவது பக்கத்தில் நினைவகச் சில்லுகளின்மேல் இருக்கும் தெர்மல் பேடில் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டையில்). 0.5 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1 மில்லிமீட்டர் வைத்தால் ஹீட்சிங்க் டையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். பேஸ்ட் எவ்வளவு உயர்ந்ததானாலும் பயன் இல்லை. அந்தப் பேட் கனத்தை நீங்கள் வெளியிடாததால் வெளியில் இருப்பவர்கள் அமுங்கிக் கிடக்கும் பழைய பேடை அளந்து ஊகிக்கிறார்கள்.

ஒதுங்காத பொருளும் இருக்கிறது, அது உங்களுக்கும் தெரியும். ஹனிவெல் பிடிஎம்7950 போன்ற தாள்கள் அறைச் சூட்டில் திடமாக இருந்து 45 டிகிரி அளவில் இளகி இடுக்குகளை நிரப்பும், ஆறினால் மீண்டும் இறுகும். கேமிங் ரகங்கள் சிலவற்றில் ஏற்கெனவே ஆலையிலேயே வைத்து வருகிறது. டையைவிடச் சற்றே பெரிதாக வெட்டி ஒட்டிவிட்டு, நாலைந்து முறை சூடாகி ஆறிய பிறகே அளந்து பார்க்கவேண்டும். சாதாரண ரகத்துக்கு இது கட்டுப்படியாகாதா? ஒரு மடிக்கணினிக்கு வேண்டியது தபால்தலை அளவுத் துண்டு. பெட்டியின்மேல் 'பனி', 'உறைபனி', 'சூறாவளி' என்று குளிர்விப்புக்குப் பெயர் சூட்டி ஆறு நிறத்தில் அச்சடிக்கும் செலவில் அந்தத் துண்டு அடங்கிவிடும். பேஸ்டுக்குப் பதிலாக வைக்கும் திரவ உலோகத்தை மட்டும் எல்லா ரகத்திலும் கொண்டுவந்துவிடாதீர்கள்; அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும், மின்சாரமும் கடத்தும், ஒரு துளி சிதறினால் உங்கள் ஆட்கள் எழுதும் 'மதர்போர்டு பழுது' உண்மையாகிவிடும்.

பெயர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் திருகின்மேல் ஒட்டும் ஸ்டிக்கரையும் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. 'கிழித்தால் வாரன்டி செல்லாது.' தூசி தட்டத் திறந்தவரும் குற்றவாளி! அமெரிக்காவில் 2024 ஜூலையில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் இத்தகைய ஸ்டிக்கருக்காகக் கணினிப் பாக நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. இங்கே 2022 டிசம்பரில் ஒன்றிய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது. அதில் சேர்ந்து தகவல் தருவதை உங்கள் விருப்பத்துக்கு விட்டார்கள். ராமை மதர்போர்டோடு பற்றவைத்தீர்கள், பேட்டரியைப் பசை போட்டு ஒட்டினீர்கள், அதையெல்லாம் மெலிவுக்காக என்றீர்கள். பேஸ்டைப் பற்றி வாய் திறக்காததில் எத்தனை மில்லிமீட்டர் மெலிகிறது?

கோபம் முந்திக்கொண்டது, பொறுத்தருளவும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறோம். பேஸ்ட் தேய்மானப் பொருள் என்று கையேட்டில் எழுதுங்கள். என்ன வகை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் பேட் என்பதையும் சேர்த்து. பேஸ்ட் மாற்றுவதைக் கட்டணப் பட்டியலில் தனி வரியாகப் போடுங்கள். கூலி வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் இலவசம் கேட்கவில்லை. சூட்டுப் புகாரோடு வரும் மடிக்கணினியைத் திறந்து, துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்துச் சோதித்த பிறகும் பழுது நீங்காவிட்டால் மட்டுமே மதர்போர்டுக்கு மதிப்பீடு எழுதச் சொல்லுங்கள். அந்தச் சோதனையையும் ஏசியை அணைத்துவிட்டு அரைமணி நேரம் நடத்தச் சொல்லுங்கள்.

அடுத்த கத்திரிக்கு முன்னால் உங்கள் பதிலைப் பணிவுடன் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
மடிக்கணினி பழுதுபார்க்கும் சிலர்