லேசர் சிகிச்சைக்குப் பின் இரட்டைச் சிசுக்களின் ரத்த ஓட்டக் கண்காணிப்பு: கோரிக்கை மனு

அனுப்புநர்:
டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பணியாற்றும் தமிழ் மகப்பேறு மருத்துவர்கள், தாதியர், ஸ்கேன் பணியாளர்கள்

பெறுநர்:
துறைத் தலைவர் அவர்கள்,
குவாசுலு-நட்டால் மாகாணச் சுகாதாரத் துறை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரில், ரத்தம் ஒரு சிசுவிடமிருந்து மற்றதற்கு மிகுதியாகப் பாய்ந்தால், கர்ப்பத்தின் 16 முதல் 26 வாரத்துக்குள், நஞ்சுக்கொடியில் இருவரையும் இணைக்கும் ரத்தக் குழாய்களை லேசரால் அடைக்கிறார்கள். ஆபத்து அதோடு தீர்ந்துவிடுவதில்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழாய் ஒன்றிரண்டு தப்பினாலே சிவப்பணுக்கள் சிறுகச் சிறுகக் கசிந்து, ஒரு சிசுவுக்கு ரத்தசோகையும் மற்றதற்கு ரத்தக் கெட்டிப்பும் வரும். பனிக்குட நீரோ இரு பக்கமும் இயல்பாகவே இருக்கலாம். நீரின் ஆழத்தையும் இதயத்துடிப்பையும் மட்டும் பார்க்கும் ஸ்கேனில் இது பிடிபடாது.

பிடித்துத் தருவது சிசுவின் நடுமூளைத் தமனியில் ரத்தம் பாயும் உச்ச வேகம். அந்த வாரத்துக்குரிய இடைநிலை அளவில் ஒரு சிசுவுக்கு 1.5 மடங்கும் அதற்கு மேலும், மற்றதற்கு 0.8 மடங்கும் அதற்குக் கீழும் வந்தால் இந்தக் கசிவு இருப்பதில் ஐயமில்லை. 24 வாரத்தில் 1.5 மடங்கு என்பது நொடிக்குச் சுமார் 46 செ.மீ. லேசருக்குப் பின் சோகை பெரும்பாலும் முன்பு ரத்தத்தைப் பெற்றுவந்த பெரிய சிசுவுக்கே வருகிறது. சின்னதையே நினைத்துக் கவலைப்படும் கண்கள் இதைத் தவறவிடுகின்றன.

அளவு எடுக்கும்போது சிசு அசையக் கூடாது. தமனி கிளம்பும் இடத்தருகே, ஸ்கேனின் ஒலிக்கதிர் தமனியோடு அமைக்கும் கோணம் சுழியத்தை ஒட்டியிருக்க வேண்டும். கோணம் சாய்ந்தால் வேகம் குறைவாகக் காட்டும், சோகை மறைந்துபோகும். ஒவ்வொரு சிசுவின் தொப்புள்கொடியும் நஞ்சுக்கொடியில் ஒட்டிய இடத்தையும் அட்டையில் குறிக்காவிட்டால், ஒன்றின் அளவு மற்றதன் பெயரில் ஏறிவிடும்.

நம் தென்னாப்பிரிக்காவில் உருவான, ரத்த ஓட்டத்தை அளக்கும் அம்பிஃப்ளோ கருவி ஒற்றைக் கர்ப்பத்துக்கு அருமையானது. ஆனால் படமின்றித் தொப்புள்கொடித் தமனியை மட்டும் அளக்கும் அதைக் கொண்டு இரு சிசுக்களைப் பிரித்தறிய முடியாது. இதற்கு மாற்றாக அதை ஏற்க வேண்டாம்.

ஆகவே, லேசர் முடிந்து ஊர் திரும்பும் ஒவ்வொரு தாய்க்கும் முதல் 2 வாரம் வாரந்தோறும், நிலை சீரான பின் பிறப்புவரை 2 வாரத்துக்கு ஒருமுறையும் நடுமூளைத் தமனி அளவீட்டை இரு சிசுக்களுக்கும் கட்டாயமாக்க ஆணையிடுமாறு வேண்டுகிறோம். தொப்புள்கொடித் தமனி, டக்டஸ் வீனோசஸ் (சிசுவின் கல்லீரல் அருகே ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் சிறு நாளம்) அளவுகளும் உடன் வேண்டும். மாவட்ட மருத்துவமனை ஒன்றிலாவது துடிப்பலை டாப்ளரும் (ரத்த வேகத்தை அளக்கும் ஸ்கேன் வசதி) பயிற்சி பெற்றவரும் இருக்கட்டும். அளவு எல்லை மீறிய அன்றே மைய மருத்துவமனைக்கு வாகனம் கிடைக்கட்டும். ஒரு சிசு இறந்தால் மற்றதன் மூளைத் தமனியை உடனே அளந்து, 4 முதல் 6 வாரம் கழித்து எம்ஆர்ஐ எடுக்க வழிசெய்யுங்கள்.

இப்படிக்கு,
கையொப்பமிட்டோர்