ஓஸ்ரக் கல்லாக்கும்போது நானும் கல்தான்: டேமேஜ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் கேமில் மேஜ், வார்லாக், ரோக், ஹன்டர் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அடிப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட நண்பர்களுக்கு,

வணக்கம். இது 2011 ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டிய மடல். அப்போது ஐந்து பேரும் செத்து விழும் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் சாட்டில் பாதி தட்டிவிட்டு, "சரி, போகட்டும்" என்று அழித்துவிடுவேன். அந்தக் காலத்து கேட்டக்ளிசம் விரிவாக்கத்தை 2024 மே மாதம் கேட்டக்ளிசம் கிளாசிக் என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். மறுபடி ஸ்டோன்கோர் டன்ஜன், மறுபடி அதன் பாஸ் ஓஸ்ரக், மறுபடி குழுவின் உயிரை நிரப்பும் என்னைப் பார்த்து "ஹீலர் தூங்குறாரா?" இனிமேலும் அழிக்க முடியாது.

கொஞ்சம் பழைய கதை. அதற்கு முந்தைய லிச் கிங் விரிவாக்கக் காலத்துக் கடைசியில் ஹீரோயிக் டன்ஜன் (ஐந்து பேர் சேர்ந்து போகும் டன்ஜனின் கடினமான வடிவம்) என்றால், முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க் ஓடுவார், நாம் பின்னால் ஓடுவோம், வழியில் இருப்பதெல்லாம் சாகும். மந்திரம் போடச் செலவாகும் மனா என்ற ஒன்று இருப்பதே ஹீலருக்கு மறந்துபோயிருந்தது. 2010 டிசம்பர் 7 அன்று கேட்டக்ளிசம் வந்து அதை முடித்துவைத்தது. எல்லோருடைய உயிரும் பெரிதாக, எங்கள் ஹீல் அதன் முன் சின்னதாகிப் போனது. பிரீஸ்டான என் கையில் இருந்தவை முக்கியமாக மூன்று ஹீல் மந்திரங்கள். ஹீல் மலிவு, ஆனால் ஆமை. கிரேட்டர் ஹீல் பெரிது, அதே ஆமை, விலையும் அதிகம். ஃபிளாஷ் ஹீல் ஒன்றரை வினாடியில் போய்ச் சேரும், ஆனால் சாதாரண ஹீலுக்கு ஆகும் மனாவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கைக் குடித்துவிடும். யாருக்கு எதை, எப்போது போடுவது என்று கணக்குப் பார்ப்பதுதான் அதன் பிறகு வேலையே.

டன்ஜன்கள் கஷ்டம் என்று எல்லோரும் கொதித்தபோது, கேமின் சிஸ்டம்ஸ் டிசைனர் கிரெக் ஸ்ட்ரீட் 2011 ஜனவரியில் நீளமாக ஒரு பதிவு போட்டார். கஷ்டமாகத்தான் இருக்கும், அப்படி இருக்கட்டும் என்பது அதன் சாரம். நான் அன்றும் அவர் கட்சி, இன்றும் அவர் கட்சி. கஷ்டம் ஐந்து பேருக்கும் பொது என்பதை உங்களில் பலர் படிக்காமல் விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஓஸ்ரக்குக்கு வருகிறேன். டீப்ஹோம் என்ற பகுதியில் உள்ள ஸ்டோன்கோரின் மூன்றாவது பாஸ், மலை மாதிரி ஒரு கல் பூதம். ஹீரோயிக்கில் அவன் முதலில் எலிமென்டியம் புல்வார்க் போடுவான். அது இருக்கும்வரை அவன்மேல் எறியும் மந்திரம் எறிந்தவரிடமே திரும்பும். அப்புறம் முள் கவசம், அதன்மேல் கைவைத்து அடிப்பவருக்கு ரத்தம் வடியும். அப்புறம்தான் பாரலைஸ். ஐந்து பேரும் எட்டு வினாடி சிலை. அந்தச் சிலைகளுக்கு நடுவே ஷாட்டர் வெடிக்கும், 15 யார்டுக்குள் நிற்பவர் தூள்.

தப்பிக்க ஒரே வழிதான். அடி ஏதாவது பட்டால் சிலை உடைந்துவிடும். ஆகவே புல்வார்க் இருக்கும்போதே மந்திரக்காரர்கள் மெல்ல மெல்லக் கடிக்கிற சின்ன மந்திரம் ஒன்றை அவன்மேல் போட்டு, அதைத் திருப்பித் தன்மேல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கத்திக்காரர்கள் முள்ளில் ஒரு குத்து வாங்கினால் போதும். தூக்கம் கலைய நம்மை நாமே கிள்ளிக்கொள்வது மாதிரி. சிலை உடைந்ததும் திரும்பிப் பார்க்காமல் ஓட்டம். அந்த ஒரு கிள்ளலை உங்களுக்காக நான் கிள்ள முடியாது. ஏனென்றால் அந்த நேரத்தில் நானும் கல்.

ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். புல்வார்க் ஏறியது. நம் மேஜ் அதைக் கவனிக்காமல் முழு ஃபயர்பால் எறிந்தார். அது நேராக அவர் மூஞ்சிக்கே திரும்பியது. ஃபிளாஷ் ஹீல் போட்டேன். இன்னொன்று எறிந்தார். இன்னொரு ஃபிளாஷ். பக்கத்தில் வார்லாக் லைஃப் டாப் போட்டுத் தன் உயிரை விற்று மனா வாங்கிக்கொண்டிருந்தார் (வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்தக் கடனைக் கட்டுவது யார் என்று ஒரு தடவை யோசியுங்கள்). இரண்டாவது ஷாட்டருக்கு மேஜ் பாஸின் காலடியிலேயே நின்றார். மூன்றாவதுக்கு நான் டேங்குக்குப் போட்டுக்கொண்டிருந்த கிரேட்டர் ஹீலை நடுவில் விட மனமில்லாமல், என்மேல் போட்டுக்கொள்ள வேண்டிய ஷாடோ வேர்ட் பெயின் என்ற சின்ன மந்திரத்தைத் தவறவிட்டேன். அது என் தப்பு, முழுக்க என் தப்பு. தூரத்தில் நின்றதால் நான் சாகவில்லை. டேங்க் தானே உடைத்துக்கொண்டு ஓடினார், பாஸ் துரத்தினான். அவருடைய உயிரைக் காட்டும் பச்சைக் கோடு தேய்வதை எட்டு வினாடி கல்லாக நின்று பார்த்தேன். அசைய முடிந்தபோது மனா பாதிக்கும் கீழே. ஓஸ்ரக்கின் உயிர் கால்வாசிக்கு வந்து அவன் வெறியேறியபோது என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஃபிளாஷுக்கான மனா. சாட்டில் வந்தது ஒரே வார்த்தை, "ஹீல்?". அடுத்தது வோட் கிக், அதாவது ஓட்டுப் போட்டுக் குழுவிலிருந்து வெளியேற்றுவது. எனக்குத்தான்.

நான் உத்தமன் என்று சொல்லவில்லை. முதல் வாரத்தில் ஒரு வார்லாக் ஒழுங்காகத் கரப்ஷன் என்ற தன் சின்ன மந்திரத்தைத் தன்மேலேயே வாங்கி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் என் விரல் அதை நீக்கும் டிஸ்பெல்லைத் தட்டிவிட்டது. மனிதர் கல்லாகவே நின்று தூளானார். சாட்டில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஐயா, எங்கேயாவது இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் குழுவில் இடம் கிடைக்க முக்கால் மணி நேரம் கியூவில் நின்று வருகிறீர்கள், நான் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன். அந்த எரிச்சல் புரிகிறது. ஆனால் கியூ ஏன் அவ்வளவு நீளம் என்றும் பாருங்கள். என்னோடு ஆரம்பித்த இரண்டு ஹீலர்கள் இந்த மாதிரி இரவுகளுக்குப் பிறகு ஹன்டராக மாறிவிட்டார்கள். இப்போது உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

அடுத்த தடவை புல்வார்க் தெரிந்தால் பெரிய மந்திரத்தை நிறுத்துங்கள், சின்னது ஒன்று போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சிலை உடைந்ததும் ஓடுங்கள். ஃபயர்பால் ஐந்து வினாடி தாமதமானால் யார் எவ்வளவு அடித்தார் என்று காட்டும் டேமேஜ் மீட்டரில் இரண்டாம் இடத்துக்கு இறங்குவீர்கள். இறங்கினால் என்ன? அப்புறம், பாஸுக்கு முந்தைய கூட்டத்தை முடித்ததும் நான் தரையில் உட்கார்ந்திருப்பேன். கோபித்துக்கொண்டு அல்ல, தண்ணீர் குடிக்கிறேன். மனாவைக் காட்டும் அந்த நீலக் கோடு நிரம்பும் முன் பாஸ்மேல் அம்பு விடாதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கும் உங்கள் பிரீஸ்ட்