செல்லப்பிராணிகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி: ஞாயிறு காலை

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் 28, ஞாயிறு, உலக வெறிநோய் தினம். அன்று காலை 7 முதல் 9 வரை பி பிளாக் பார்க்கிங்கில் கால்நடை மருத்துவர் ஊசி போடுவார்.

1. 3 மாதம் முடிந்த நாய், பூனை அனைத்துக்கும். வீட்டை விட்டு இறங்காத பூனைக்கும் வேண்டும். பால்கனி வழியே வெளிப்பூனை வந்து கடிக்கலாம்.
2. காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் அழைத்து வராதீர்கள். குணமான பிறகு போடலாம்.
3. நாய்க்குக் கழுத்துப்பட்டை, கயிறு. பூனைக்கு மூடிய கூடை. கையில் தூக்கி வந்தால் நாயைக் கண்டு மிரண்டு பிறாண்டிவிட்டு ஓடிவிடும்.
4. பழைய தடுப்பூசி அட்டை.
5. ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஒருநாள் சோர்வு இயல்பு. முகம் வீங்கினால், வாந்தி எடுத்தால் ஒவ்வாமை. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டு எண், பிராணி, வயது, கடைசி ஊசி தேதி: வெள்ளி மாலைக்குள் இங்கே பதிவிடுங்கள். மருந்தைக் குளிர்பதனத்தில் வைத்தே கொண்டுவர வேண்டும், எண்ணிக்கை முன்கூட்டியே தேவை.