மூழ்கிப்போன சங்கிலி

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. போன ஞாயிறு நீ கோபமாகப் பேசிவிட்டு போனை வைத்துவிட்டாய். ஒரு சினிமா வில்லனுக்காக அம்மாவும் மகளும் முக்கால் மணி நேரம் சண்டை போட்டதை நினைத்து நினைத்து அப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். நீ என்னைப் பேசவே விடவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். இதில் குறுக்கே பேச முடியாது பார்.

கைலோ ரென் திருந்தியிருக்கவே கூடாது என்கிறாய். போன லீவில் ‘ஸ்டார் வார்ஸ்’ ஒன்பது படத்தையும் என்னை உட்கார வைத்துக் காட்டியவள் நீ. சப்டைட்டில் ஓடும் வேகத்துக்கு என் கண்ணாடி ஈடுகொடுக்கவில்லை, ஆனால் கதை புரிந்தது. 2015இல் வந்த படத்தில் அவன் வந்து இறங்கியதுமே ஒரு கிழவரை வெட்டுகிறான், ஊர்க்காரர்களைக் கொல்லச் சொல்கிறான். அப்புறம் பெற்ற அப்பாவையே குத்துகிறான். இப்படிப்பட்டவனுக்கு 2019 படத்தில் நல்ல சாவு ஒன்று, கூடவே ஒரு முத்தம், இதெல்லாம் எதற்கு என்று கேட்டாய். பெத்த மனம் பித்து, அதனால்தான் அவன் பக்கம் பேசுகிறாய் என்று ஒரு குத்து வேறு.

பித்துதான், ஒத்துக்கொள்கிறேன். நெஞ்சில் வாள் இறங்கிய பிறகும் அந்தப் பாலத்தில் ஹான் சோலோ மகனுடைய கன்னத்தைத் தொட்டுவிட்டு விழுகிறாரே, அப்போது நான் எழுந்து அடுப்படிக்குப் போனது தண்ணீர் குடிக்க இல்லை. ஆனால் நான் அவன் பக்கமும் இல்லை. போனில் சொல்ல வந்ததே அதுதான். ஹான் தன்னுடைய சாவை மன்னிக்கலாம், அது அவருடையது. அந்த ஊர்க்காரர்களின் சாவுக்கு யார் மன்னிப்புக் கொடுப்பது?

நடுவில் மாப்பிள்ளை போனை வாங்கி, பழைய படங்களின் வில்லன், கைலோவின் தாத்தா டார்த் வேடரை இழுத்தார். 1983 படத்தில் மகனைக் காப்பாற்றச் சக்கரவர்த்தியைத் தூக்கிக் குழிக்குள் எறிகிறாரே, அவரை மட்டும் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களே என்றார். யார் ஏற்றுக்கொண்டது? அந்த மகன் லூக். அவனோடு பிறந்த லேயாவை யாராவது கேட்டார்களா? 1977இல் வந்த முதல் படத்தில் சிறைக்குள் ஊசிக் கருவியோடு வந்து அவளை விசாரித்தவர் வேடர். அவள் வளர்ந்த கிரகம் அல்டரான் வெடித்துச் சிதறும்போது அவளைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தியவரும் அவரே. உத்தரவு அங்கிருந்த அதிகாரி டார்கினுடையது, பிடி இவருடையது. சாகிற நேரத்தில் லூக்கிடம், என்னைப் பற்றி நீ நினைத்தது சரிதான் என்று உன் சகோதரியிடம் சொல் என்கிறார். தப்பு செய்துவிட்டேன் என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. கடைசியில் ஆவியாக ஒளிர்ந்துகொண்டு வந்து நிற்பதும் லூக்கைப் பார்த்துத்தான். 2004 டிவிடியில் அந்த உருவத்துக்கு இளவயது முகத்தை மாற்றி வைத்தார்கள் என்று நீ நிறுத்திக் காட்டினாய். முகத்தை எல்லாம் மாற்றியிருக்கிறார்கள்!

‘ரிடெம்ப்ஷன்’ என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாய். அகராதியில் மீட்பு என்று போட்டிருக்கிறது. எனக்கு அதைப் பார்த்ததும் அடகுக்கடைதான் ஞாபகம் வந்தது.

உன் அம்மாச்சியிடம் ஆறு பவுனில் ஒரு சங்கிலி இருந்தது. என் சின்ன மாமா வியாபாரத்துக்கு என்று அதை வாங்கிக்கொண்டு போய் அடகு வைத்தார், தை பிறந்ததும் மீட்டுத் தருகிறேன் அக்கா என்று சொல்லி. வட்டி கட்டவில்லை. நகை மூழ்கிப்போனது. அவரும் ஊரை விட்டுப் போய்விட்டார். பதினோரு வருஷம் கழித்து எலும்பும் தோலுமாக வந்து நின்றார், ஈரல் கெட்டுப்போய். திண்ணையில் பாய் போட்டுப் படுக்க வைத்தோம். பார்க்க வந்தவர்களெல்லாம், போகிற உயிர், மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா மூன்று வாரம் கஞ்சி வைத்து ஊட்டினாள், அவர் துணிகளை அலசிப் போட்டாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. மாமாவும் சங்கிலிப் பேச்சை எடுக்கவேயில்லை. காரியம் முடிந்து சாப்பிட்டு எழுந்தவர்கள், எப்படியோ கடைசியில் எல்லாம் சரியாப் போச்சு என்றார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. யாருக்குச் சரியாப் போச்சு என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது.

அதனால் கைலோ திருந்தினான் என்பதில் எனக்குச் சங்கடமே இல்லை. உடனே செத்துப்போனான் பார், அதில்தான். வாளைக் கடலில் எறிந்த பிறகு அவன் வாயிலிருந்து வந்த ஒரே வசனம் என்ன தெரியுமா? சங்கிலியைப் பிடித்துக் குதித்து அடிபடும்போது ஒரு ‘ஆவ்’. அவ்வளவுதான்! கதாநாயகி ரேயைப் பிழைக்க வைத்துவிட்டுத் தானும் மறைந்துவிடுகிறான். (முத்தத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அப்பா இந்தக் கடிதத்தைப் படிப்பார்.)

அவன் பிழைத்துக் கிடந்திருக்க வேண்டும் குட்டி. ஜாக்கு கிரகத்துப் பாலைவனத்தில் எரிந்த அந்த ஊருக்குப் போய்த் தலைகுனிந்து நின்றிருக்க வேண்டும், கல்லெறி விழுந்தாலும் வாங்கிக்கொண்டு. அதையும் விடு, ஹானின் கூட்டாளி சூபாக்கா உயிரோடுதானே இருக்கிறது? ஹான் விழுந்ததைப் பார்த்து அலறிக்கொண்டு அவன் விலாவில் சுட்டது அதுதான். அதன் எதிரே அவன் போய் நிற்கிற மாதிரி ஒரு காட்சி. வசனம்கூட வேண்டாம். அந்தச் சண்டை, வெடி எல்லாவற்றிலும் பத்து நிமிஷத்தை வெட்டினால் இடம் கிடைத்திருக்கும். வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டி கட்டுகிறவனை நான் நம்புவேன். முதல் திரும்பாது, அது எனக்கும் தெரியும்.

அவனைப் பெற்ற லேயா நினைப்பு வேறு விட மாட்டேன் என்கிறது. அந்த நடிகை கேரி ஃபிஷர் 2016 டிசம்பரில் இறந்துவிட்டார், கடைசிப் படத்துக்குப் பழைய படப்பிடிப்பில் மிஞ்சிய காட்சிகளை வைத்து ஒப்பேற்றினார்கள் என்று நீதான் சொன்னாய். அம்மாவும் மகனும் மூன்று படத்திலும் ஒரு தடவைகூட எதிரெதிரே நிற்கவில்லை. ‘பென்’ என்று அவன் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிடுகிறாள். அவளும் இருந்து, அவனும் பிழைத்து, வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று நேற்று ராத்திரி வெகுநேரம் யோசித்தேன்.

கஞ்சி வைத்திருப்பாள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிறு போன் பண்ணு. மாப்பிள்ளையிடம் கொடுக்காதே.

அம்மா