சட்டம் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு வழிகாட்டல் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் வெள்ளவத்தைப் பகுதியில் பல பெற்றோர் பல்கலைக்கழகச் சட்ட பீடத்தையும் சட்டத்தரணிகளைப் பயிற்றுவிக்கும் இலங்கைச் சட்டக் கல்லூரியையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவதைக் காண்கிறேன். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களின் சட்டப் பட்டப் படிப்புக்கு, உயர்தரப் பெறுபேறுகளிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளியின் அடிப்படையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாணவரைத் தெரிவு செய்கிறது. சட்டக் கல்லூரியோ, மொழியறிவையும் பொது அறிவையும் சோதிக்கும் தனியான நுழைவுப் பரீட்சையின் மூலம் மாணவரைச் சேர்க்கிறது. இசட் புள்ளி போதாதவருக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் தெரிவுப் பரீட்சையும் உண்டு என்பதைப் பாடசாலைகள் சொல்வதே இல்லை. பட்டம் பெற்றாலே சட்டத்தரணியாகிவிடலாம் என்ற எண்ணமும் தவறானது. அதன் பின்னும் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளில் சித்தியடைந்து, பயிற்சி பெற்று, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும்.

ஆயத்தம் என்றதும் ரியூசன் வகுப்பைத் தேடி ஓடுகிறோம். அதைவிட, அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் பற்றிய மூன்றாம் அத்தியாயத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே வைத்து வாசிப்பதும், கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் திறந்த மன்றில் நடைபெறும் விசாரணைகளை ஒரு நாளாவது பார்ப்பதும் (கட்டணம் ஏதுமில்லை) கூடுதல் பயன் தரும் என்பது என் கருத்து. தமிழ்ப் பாடசாலைகள் பன்னிரண்டாம் தரத்திலேயே இவ்விபரங்களை மாணவருக்கு விளக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கொழும்பு 06.